இரண்டு தரம் திருப்பிய கிண்ணம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே ஷிசுவோகாவில் மழை இன்னும் விடவில்லை. நகோயாவில் எப்படி? உங்கள் கம்பெனி எப்போது திருப்பி அனுப்பும் என்று இந்த முறை கேட்கப் போவதில்லை.

நேற்று நம் சிஹாருவின் பள்ளி வகுப்பைத் தேநீர்ச் சடங்கு பழக்க அழைத்துப் போனார்கள். மாலையில் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பசங்க எல்லாம் கசக்குதுன்னு மூஞ்சியச் சுளிக்கிறாங்க. சிஹாரு மட்டும் நாங்க சொல்றதுக்கு முன்னாடியே கிண்ணத்த முறைப்படி ரெண்டு தரம் திருப்பிக் குடிச்சிட்டு, விளிம்ப விரலால துடைச்சா பாருங்க! நீங்க கத்துக்குடுத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்தத் தேநீரைக் கலக்கக்கூடத் தெரியாது.

குளிப்பாட்டும்போது அவளிடமே கேட்டேன்.

"அப்பா வீட்லதான் கத்துக்கிட்டேன்."

"அப்பாவா சொல்லிக்குடுத்தார்?"

"அவருக்கு என்னம்மா தெரியும்? மண்டி போட்டே கால் மரத்து உருண்டுட்டார். நாங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

சொன்னவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த இன்னொருவர் யார் என்று நான் கேட்கவில்லை. ஏழு வயதுக் குழந்தையை அப்படி வாய் பொத்த யார் பழக்கியது என்றும் கேட்கவில்லை. நீங்கள் ஏதாவது தேநீர் வகுப்பில் சேர்ந்திருக்கலாம்.

மாதாமாதம் ஸ்டேஷனுக்கே வந்து அவளை அழைத்துப் போவீர்கள். இந்த ஞாயிறு வர வேண்டாம். நானே அவளோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மணி அடித்தால் யார் திறந்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா