அத்திப்பழப் பலகாரச் சூடு

இரண்டாவது தட்டும் வெடித்துவிட்டது. ஒவனின் கதவைத் திறந்தபோது கராம்பும் கறுவாவும் தோடம்பழத் தோலும் ஒன்றாக முகத்தில் அடித்தன. மணம் உம்முடையதுதான், பலகாரம் உம்முடையதல்ல. மா பிளந்து, உள்ளே வைத்த அத்திப்பழம் கறுப்பாக வழிந்து, தட்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஹொல்ஸ்டெப்ரோவில் காலையிலிருந்து மழை. நான் குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்கிறது மனம். எழும்பினால் எங்கே போவதென்று அதற்கே தெரியவில்லை. மா குளிரும்வரை வேறு வேலை இல்லாததால் உமக்கு எழுத உட்கார்ந்தேன்.

உம்முடைய மகள் ஆரணிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. நாளைக்கு ஓகூஸ் நகரில் அவளுடைய வீட்டில் முப்பத்தொன்று, பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்குக்கழிவு. போன கிழமை தொலைபேசியில் கேட்டாள், பாதி டெனிஷிலும் பாதி தமிழிலுமாக.

"அன்ரி, அம்மா செய்யிற அந்த இத்தாலிப் பலகாரம் செய்வீங்களோ? அது இல்லாமல் எங்கட வீட்டில ஒரு விசேஷமும் நடந்ததில்லை."

"ஓம், செய்யிறன்" என்று உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. எனக்குத் தெரிந்தது பாதிப் பலகாரம் மட்டும்தானே.

உள்ளே வைக்கும் பூரணம், அந்த உள்ளுடன், என்னுடைய வேலையாக இருந்தது. காய்ந்த அத்திப்பழத்தின் காம்பை நறுக்கி, முந்திரிகை வத்தலும் பாதாமும் தோடம்பழத் தோலும் சேர்த்து அரைப்பதும், தேன்விட்டுக் கிண்டுவதும் நான். மா குழைப்பதும் உருட்டுவதும் நீர். என்னைக் கிட்ட வரவே விடமாட்டீர். "உம்மட கை சூடு. பட்டர் உருகி மா கெட்டுப்போகும். நீர் அங்காலை நில்லும்" என்பீர். அங்காலை நின்றே இத்தனை வருடம் போய்விட்டது.

டெனிஷ் படிக்கப் போன வகுப்பில்தான் உம்மை முதலில் கண்டேன். ஆசிரியை எதைக் கேட்டாலும் நீர் "சி, சி" என்று தலையாட்டினீர். அது இத்தாலி மொழியில் 'ஓம்' என்று எனக்கு அப்போது தெரியாது. ஏதோ நக்கல் பண்ணுகிறீர் என்று நினைத்தேன். இடைவேளையில் கேட்டபோது, கல்யாணம் கட்டி வருவதற்கு முதல் பலெர்மோவில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்ததாகச் சொன்னீர். உம்முடைய அவர் டென்மார்க்கில் இருந்தார், நீர் சிசிலியில் இருந்தீர், இரண்டு வீட்டாரும் யாழ்ப்பாணத்தில் கதைத்து முடித்த கல்யாணம்.

எங்கள் ஆட்கள் கூடினால் ஊரை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். நீர் பலெர்மோவை நினைத்துப் பெருமூச்சு விடுவீர். மற்றப் பெண்களுக்கு அது பெரிய பகிடி. "இவவுக்கு ஊர் இத்தாலி" என்பார்கள். நீர் சிரித்துக்கொண்டே எழும்பிவிடுவீர். உம்மால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சாப்பிடும்போதும் நின்றுகொண்டுதான். கோயிலில் பூசை முடியுமுன் இரண்டு தரமாவது வெளியே போய்விட்டு வருவீர். உமக்குக் காலில் ஏதும் வருத்தமோ என்றுகூட நான் யோசித்திருக்கிறேன்.

காரணத்தை, ஆரணி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குப் பலகாரச் சூடு நடந்த அன்றுதான் சொன்னீர். மற்றவர்கள் எல்லாரும் முன்னறையில் பயித்தம்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குசினியில் நானும் நீரும். நீர் மாவை நீளமாக உருட்டி, நடுவில் உள்ளுடனை வைத்து, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, கத்தியால் துண்டு துண்டாக வெட்டி வளைத்துக்கொண்டிருந்தீர்.

"இது அங்க நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்குச் செய்யிறது" என்றீர். "அந்த வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே வயசு. அவ பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவ. ரெண்டு பேரும் சேர்ந்துதான் சுடுவம். கியாரா மேசைக்குக் கீழ இருந்து மாவைக் களவெடுத்துத் தின்னும்."

"ஆர் கியாரா?"

"அவவின்ர பிள்ளை. பிறந்த கிழமையில இருந்து நான்தான் பாத்தனான். என்னை அக்கா எண்டுதான் கூப்பிடும். நான்தான் சொல்லிக் குடுத்தது."

பிறகு கத்தியை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னீர். கல்யாணத்துக்காகப் புறப்படும் அன்று பிள்ளை மத்தியான நித்திரையில் இருந்ததாம். எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகட்டுமா என்று நீர் கேட்டிருக்கிறீர். வேண்டாம், அழும், நித்திரையில் இருக்கும்போதே போ, அதுதான் எல்லாருக்கும் நல்லது என்று தாய் சொல்லியிருக்கிறா. நீர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினீர்.

"எழும்பித் தேடியிருக்கும்" என்றீர். "அறை அறையாப் போய்த் தேடியிருக்கும். எனக்கு இண்டைக்கும் அதுதான் கண்ணுக்குள்ள நிக்குது. ஒரு இடத்தில இருந்தனெண்டால் அது வந்திடும். அதுதான் நான் இருக்கிறேல்லை."

தட்டை எடுத்து ஒவனுக்குள் வைத்தேன். அடுத்த நாள் சடங்கு வீட்டில் உம்முடைய பலகாரம்தான் முதலில் முடிந்தது. வெள்ளைச் சீனிப்பாகின் மேல் நிறநிறமான குறுமெல் இனிப்புமணிகள் தூவியிருந்ததைக் கண்டு பிள்ளைகள் அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

உமக்கு அந்தப் பெரிய வருத்தம் வந்தபோது நீர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒருதரம் பலெர்மோவுக்குப் போய்க் கியாராவைப் பார்க்க வேண்டும். முதல் சிகிச்சைக்கும் அடுத்ததுக்கும் இடையில் கொஞ்ச நாள் இருந்தது. வைத்தியர் போகலாம் என்றார். உம்முடைய அவருக்கு, அண்ணைக்கு, விருப்பமில்லை. "அங்க போய் ஏதும் நடந்தால்?" என்று கேட்டார். "இஞ்ச இருந்தாலும் நடக்கும்தானே" என்றீர். நான் வேலை செய்யும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் லீவு கேட்டு வாங்கினேன். ஆரணி இணையத்தில் தேடி, கியாரா இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள் என்று கண்டுபிடித்தாள். தாய் காலமாகிவிட்டா என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

புறப்படுமுன் நீர் பலகாரம் சுட்டீர். "கொல்லன் தெருவில ஊசி விக்கப் போறீரோ?" என்று கேட்டேன்.

"விக்கேல்லை. குடுக்கப்போறன்" என்றீர்.

பிலுண்டில் விமானம் ஏறி, நடுவில் ஓரிடத்தில் மாறிப் போய்ச் சேர்ந்தோம். பலெர்மோவில் நீர் வேறு ஆளாக நடந்தீர். சந்தைக்காரனோடு விலைபேசினீர், மோட்டார் சைக்கிள்காரனை ஏசினீர், நான் உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுபட்டேன். ஆனால் மருந்துக்கடை வாசலுக்கு வந்ததும் தயங்கினீர். உள்ளே போய், வரிசையில் நின்று, உம்முடைய முறை வந்தபோது இருமல் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டீர்.

"அவதானோ?" என்று கேட்டேன்.

"அவதான். தாயின்ர மூக்கு."

"அப்ப ஏன் கதைக்கேல்லை?"

"எனக்கு அந்தரமாயிருக்கு. கொஞ்சம் பொறும்."

தெருமுனை மட்டும் நடந்துபோய்த் திரும்பி வந்தோம். இரண்டாம் தரம் நீர் வரிசையில் நிற்கவில்லை. நேரே மேசைக்குப் போய் ஏதோ சொன்னீர். எனக்கு அந்த மொழி தெரியாது. நான் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளை மேலங்கி போட்ட அந்தப் பெண் முதலில் முழித்தாள். பிறகு மரியாதையாகச் சிரித்தாள். மேசையைச் சுற்றி வந்து உம்முடைய இரண்டு கையையும் பிடித்தாள். நீர் 'அக்கா' என்று ஒரு தரம் சொன்னது எனக்கு விளங்கியது. அவள் தலையைச் சரித்து யோசித்துவிட்டு, இல்லை என்று ஆட்டினாள். பலகாரத்தில் ஒன்றை அங்கேயே கடித்துப் பார்த்து ஏதோ சொன்னாள். நீர் இன்னொன்று கேட்டீர். அவள் யோசித்து, சிரித்து, இரண்டு உள்ளங்கையையும் குழிவாகச் சேர்த்து எதையோ காட்டினாள். நீரும் சிரித்தீர். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றதால் விடைபெற்று வந்துவிட்டோம்.

வெளியே ஒரு நீள மரவாங்கு இருந்தது. நீர் போய் அதில் இருந்தீர். நான் பக்கத்தில் இருந்தேன்.

"என்னை ஞாபகமில்லையாம்" என்றீர். "ஒரு துளியும் இல்லையாம். உன்னை ஒரு பெண்பிள்ளை வளர்த்தவ எண்டு தாய் சொன்னதுதான் தெரியுமாம். மன்னிச்சுக்கொள்ளச் சொன்னாள்."

இதற்காகவா இந்த உடம்போடு இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தேன்.

"நான் போன நேரம் அழுதனியோ எண்டு கேட்டன். அது தெரியாதாம். ஆனா அந்த நாளில வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி வந்ததாம். மத்தியான நித்திரையால எழும்பேக்க கட்டிலில கிடந்ததாம். அது மட்டும் நல்ல ஞாபகமாம். இவ்வளவு பெரிசு எண்டு காட்டினாள், பாத்தீரே?"

"பாத்தன்."

"தாய் கெட்டிக்காரி. பூனையை வாங்கி ஆயத்தமா வச்சிருந்திருக்கிறா." நீர் சிரித்தீர். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தீர். "தேடேல்லையப்பா. அவள் என்னைத் தேடவேயில்லை. எழும்பிப் பூனையோட விளையாடியிருக்கிறாள். நான் இவ்வளவு காலமும் விசரி மாதிரி அலைஞ்சிருக்கிறன்."

எனக்குத்தான் அது கவலையாக இருந்தது. உமக்கு இல்லை. அந்த வாங்கில் நீர் வெகுநேரம் அசையாமல் இருந்தீர். வெயில் சுவரைவிட்டு இறங்கும்வரை இருந்தீர். "போவமோ?" என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது. திரும்பிவந்த பிறகு மாவைக்கூடக் கதிரையில் இருந்துதான் உருட்டினீர். பிறகு அதற்கும் ஏலாமல் போனது.

கடைசிக் கிழமை எனக்குக் காய்ச்சலும் இருமலும். நோயாளிகளுக்குத் தொற்றிவிடும், வரவேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நோயாளிகளைப் பார்ப்பதே என் தொழில் என்பதால் அவர்கள் சொன்னது சரியென்று எனக்குத் தெரியும். இருமல் நிற்குமுன் நீர் போய்விட்டீர். அன்றிலிருந்து உம்முடைய பழைய அந்தரம் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கட்டிலில் இருந்து கதவைப் பார்த்தீரோ, யார் காலடி கேட்டாலும் நானென்று நினைத்தீரோ என்று அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸில் இருக்க ஏலாமல் இரண்டு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கி நடக்கிறேன். 'இல்லை, தேடவில்லை' என்று யாராவது சொன்னால் உம்மைப்போல நானும் ஆறியிருந்துவிடுவேன் என்று நினைத்தேன். யாரிடம் கேட்பது?

மா குளிர்ந்திருக்கும். போய்ப் பார்க்கிறேன்.

*

மேலே உள்ளதை முந்தநாள் எழுதினேன். மாவைப் பல்கனிக் குளிரில் வைத்து, கையைத் தண்ணீரில் ஆறவைத்து ஆறவைத்து உருட்டியதில் மூன்றாம் தட்டு வெடிக்கவில்லை. வளைவு சரியில்லை. சீனிப்பாகும் ஒரு பக்கம் வழிந்துவிட்டது. என்றாலும் கொண்டுபோனேன்.

ஆரணி பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெல்லும்வரை அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மாவின்ர மாதிரி இல்லை" என்றாள் டெனிஷில். பிறகு தமிழில், "இன்னொண்டு தாங்கோ அன்ரி."

பிள்ளைக்கு உம்முடைய நெற்றி. கோபம் வந்தால் சுருக்குகிறது.

ஐயர் போய், ஆட்களும் போன பிறகு அண்ணை குசினியில் கோப்பைகள் கழுவிக்கொண்டு நின்றார். நான் துவாயை எடுத்துத் துடைத்தேன். நீர் பலெர்மோவில் செய்ததைத்தான் செய்தேன். கேட்டேன்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளும்."

"கடைசி நாளில அவ என்னைத் தேடினவவோ?"

அவர் தண்ணீரை நிறுத்தினார். உமக்குத்தான் தெரியுமே, அவர் எதையும் சமாளித்துச் சொல்லத் தெரியாத மனிதர்.

"தேடினவ" என்றார். "ரெண்டு மூண்டு தரம் கேட்டவ. உமக்கு இருமல், விடமாட்டினம் எண்டு சொன்னன்."

"என்ன சொன்னவ?"

"கொஞ்சத்தால, 'அவ வந்திருந்தால் இந்த யன்னலைத் திறந்துவிட்டிருப்பா' எண்டவ. நான் எழும்பித் திறந்துவிட்டனான். குளிர்தான். ஆனா அவவுக்குப் பிடிச்சுது. மூட விடேல்லை."

மிச்சக் கோப்பைகளையும் துடைத்து முடித்தோம். ரயிலில் நான் இருக்கவில்லை. கதவோரம் நின்றுகொண்டே வந்தேன். எனக்குப் பூனைக்குட்டி கிடைக்கவில்லை. நீர் கேட்டது ஒரு 'இல்லை', அது உமக்குக் கிடைத்தது. நான் எதிர்பார்த்துப் போனதும் அதுதான். கிடைத்தது 'ஓம்'. அது என்னை ஆற்றவில்லை. ஆனால் அதை இனி ஒருவரும் என்னிடமிருந்து எடுக்க ஏலாது என்று ஹொல்ஸ்டெப்ரோவில் இறங்கும்போது தோன்றியது.

இன்று காலை வேலைக்குப் போனேன். சில நாளாகவே கண் திறக்காமல் கிடக்கும் ஒரு டெனிஷ் அம்மாவின் அறைக்குள் போய், ஒருவரும் கேட்காமலே யன்னலைத் திறந்துவிட்டேன். காற்று வந்தது. அவ கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்தா. நான் கதிரையை இழுத்துப் போட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தேன்.