கண்ணாடிக் கூண்டில் நின்று பார்த்த அடக்கம்

குருநகர்ச் சேமக்காலைக் கல்லறையில் படுத்திருக்கிற என் ஆசை அப்பாவுக்கு,

வருகிற செவ்வாயோடு நீங்கள் போய் ஒரு வருடம். ஆண்டுப் பூசைக்குச் சுவாமியாரிடம் சொல்லியாயிற்று. பேப்பரில் போட அக்கா ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறா. அடையாள அட்டைக்குப் பிடித்த படம். யாரோ உங்களை ஏசிவிட்டுப் போனதுபோல் அதில் பார்க்கிறீர்கள். சிரிக்கிற படம் ஒன்று தேடினோம், கிடைக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் ஏன் அது தோன்றவில்லை?

உங்கள் வள்ளத்தை இப்போது அத்தான்தான் கடலுக்குக் கொண்டுபோகிறார். இந்தமுறை நண்டு குறைவு, இறால் பரவாயில்லை. அம்மாவின் இடது கண்ணில் படர்ந்திருந்த வெள்ளையை எடுத்தாயிற்று. இப்போது கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்கிறா. அக்காவின் சின்னவள் கோயிலில் முதல் நன்மை எடுத்துவிட்டாள். அன்றைக்கு நீங்கள் சாய்ந்திருக்கிற கதிரையில் யாரும் இருக்கவில்லை. ஒருவரும் சொல்லிவைக்கவில்லை, ஆனாலும் இருக்கவில்லை.

இதெல்லாம் அக்கா வந்து உங்களுக்குச் சொல்லியிருப்பா. நான் சொல்லவேண்டியது வேறு. அதை உங்களுக்கு மட்டும் சொன்னால் போதாது, நாலு பேர் படிக்கவும் வேண்டும். அதனால் அவர்களுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு உல்லாசப் பயணக் கப்பலில் வேலை செய்கிறவன். அந்தக் கப்பலின் உச்சித் தளத்தில் நீண்ட இரும்புக் கை ஒன்று இருக்கிறது. அதன் நுனியில் முட்டை வடிவத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. பன்னிரண்டு பேரை ஏற்றிக் கதவைச் சாத்தினால், கை மெல்ல எழும்பிக் கப்பலுக்கு மேலே போகும். பிறகு பக்கவாட்டில் சரிந்து கடலுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தும். காலுக்குக் கீழே கப்பல் இருக்காது, தண்ணீர்தான். கால் மணி நேரம் காட்டிவிட்டு இறக்கும். உள்ளே நின்று விசையைப் பார்ப்பதும், பயந்தவர்களோடு கதைப்பதும், சிரித்த முகமாய் இருப்பதும் என் வேலை.

இந்த வேலை கிடைத்த புதிதில் நீங்கள் தொலைபேசியில் கேட்ட கேள்விகளை எந்தப் பயணியும் இதுவரை கேட்டதில்லை.

"காத்தடிச்சால் என்ன செய்வியள்?"

"நிப்பாட்டிப்போடுவம் அப்பா. ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேலை போனால் ஏத்தமாட்டம்."

"அதுதான் சரி. மேலை நிண்டால் மீன் கூட்டம் தெரியுமோ?"

"மீன் தெரியாது. தண்ணியின்ரை நிறம் தெரியும். ஒரு இடத்திலை கருநீலம், ஒரு இடத்திலை பச்சை."

"நிறம் தெரிஞ்சால் காணும், அது போதும்," என்றீர்கள். நாற்பது வருடம் வள்ளத்தில் குந்தியிருந்து தண்ணீரைப் பக்கவாட்டில் பார்த்த மனிதர். மேலேயிருந்து ஒருநாள் பார்க்கவேண்டும் என்று ஒருபோதும் கேட்கவில்லை. நானும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லவில்லை. வேலை செய்கிறவர்கள் தாய் தகப்பனைக் குறைந்த செலவில் ஏற்றலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அடுத்த வருடம் பார்ப்போம் என்று இரண்டு தடவை விட்டேன்.

நீங்கள் கடைசியாய் ஆஸ்பத்திரியில் படுத்தபோது எங்கள் கப்பல் சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்தது. அக்கா தொலைபேசி எடுத்தா.

"தம்பி, நெஞ்சுக்குள்ளை தண்ணியாம். போனமுறை மாதிரி இல்லை. அப்பா உன்னைக் கேக்கிறார். வரப் பார்."

கப்பல் மறுநாள் காலை கரை பிடித்து, பின்னேரம்வரை நிற்கும். இறங்கி விமானம் ஏறினால் அடுத்த நாள் யாழ்ப்பாணம். குடும்பத்தில் யாருக்காவது நோய், கடும் வருத்தம் என்றால் விடுப்புக் கேட்க ஒரு தாள் இருக்கிறது. அதை எடுத்து நிரப்பினேன் அப்பா. உங்கள் பெயர், வயது, வருத்தம் எல்லாம் எழுதினேன். கையெழுத்தும் வைத்தேன். பிறகு அதைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்தக் கிழமைதான் கூண்டுக்குப் பொறுப்பாளராய் ஒருவரைத் தெரிவு செய்ய இருந்தார்கள். நானும் இன்னொரு பெடியனும். நான் இறங்கினால் அவனுக்குப் போய்விடும். அப்பா இதற்கு முன்னும் மூன்று தடவை படுத்து எழும்பினவர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னேரம் கயிறுகளைக் கழற்றினார்கள். கப்பல் விலகினது. அக்காவுக்கு எடுத்தேன்.

"கேட்டனான் அக்கா. விடமாட்டினமாம்."

"சரி, என்ன செய்யிறது. நான் அப்பாவுக்குச் சொல்லுறன்," என்றா.

மூன்றாம் நாள் விடிய நீங்கள் போய்விட்டீர்கள். நாங்கள் நடுக்கடலில் நின்றோம். அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் இரண்டு நாள். இனி நான் உண்மையாகவே கேட்டாலும் ஒருவராலும் விட முடியாது.

எனக்கு மேலே இருக்கிறவ மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ்காரி. ஐம்பது வயதிருக்கும். செய்தி கேட்டதும் என்னைத் தேடி வந்தா. தோளில் கை வைத்துக்கொண்டு நின்றா. எப்போதிலிருந்து வருத்தம் என்று கேட்டா. சொன்னேன்.

"சிங்கப்பூரில் நின்றபோதே உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை? அன்றைக்கே இறக்கிவிட்டிருப்பேனே."

அவ கோபத்தில் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டா.

அடக்கம் மறுநாள் பிற்பகல். அங்கே மூன்றரை மணி, கப்பலில் ஆறு. அத்தான் வீடியோவில் காட்டுகிறேன் என்றார். என் அறையில் இன்னும் மூன்று பேர். அதோடு கீழ்த்தளத்தில் சிக்னல் நிற்காது. மரிசெல் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியும் நான் சட்டை மாட்டிக்கொண்டு உச்சித் தளத்துக்குப் போனேன். ஆட்களை ஏற்றுமுன் கூண்டை ஒருமுறை வெறுமையாய் ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும். வேலை நேரத்தில் கையில் போன் வைத்திருக்கக்கூடாது. அவ என் கையிலிருந்ததைப் பார்த்தா. "நீ உள்ளே போ. நான் கீழேயிருந்து ஏற்றுகிறேன். அவசரமில்லை," என்றா.

வெயில் இன்னும் தாழவில்லை. நான் தனியாக மேலே போனேன். சுற்றவரக் கண்ணாடி, சுற்றவரக் கடல், ஒரு பக்கத்திலும் கரை இல்லை. உள்ளங்கையில் இருந்த போனுக்குள் எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை தெரிந்தது.

அன்றைக்கு எங்கள் துறையில் ஒருவரும் கடல் தொழிலுக்குப் போகவில்லை. அது உங்களுக்குத் தெரியுமா அப்பா? வள்ளங்களெல்லாம் வரிசையாய்க் கிடந்தன. நீங்கள் பத்து வருடமாய் முகம் பார்த்துக் கதைக்காத பக்கத்து வீட்டுக்காரர், அவரும் உங்கள் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அத்தான் சனத்துக்குள் நடந்தபடியே பிடித்ததால் வானமும் சனத்தின் முதுகும்தான் கூடுதலாய் வந்தது. நடுவே அம்மாவின் குரல். என்ன சொல்லி அழுகிறா என்று விளங்கவில்லை.

சேமக்காலைக்குள் போனார்கள். சுவாமியார் செபம் சொல்லி முடித்தார். அத்தான் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, "தம்பி, கடைசியா முகம் பாக்கினம். இந்தா, கிட்டக் கொண்டுபோறன், பார்," என்றார்.

படம் நின்றுவிட்டது. பெட்டியின் விளிம்பும், யாரோ ஒரு ஆளின் வெள்ளைச் சட்டைக் கையும். அதோடு அப்படியே நின்றது. போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கூண்டுக்குள் அங்குமிங்கும் நடந்தேன். ஒன்றும் அசையவில்லை. திரும்பப் படம் வந்தபோது மண் மேடும் பூவும்தான் இருந்தது.

"முடிஞ்சுது தம்பி. பாத்தனிதானே?" என்று அத்தான் கேட்டார்.

"ஓம் அத்தான்," என்றேன்.

கூண்டு இறங்கினது. வாசலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். மரிசெல் என் முகத்தைப் பார்த்து, தான் போகிறேன் என்றா. நான் மாட்டேன் என்றேன். வேலையை நிறுத்தினால் விழுந்துவிடுவேன் என்று இருந்தது.

அந்தக் கூட்டத்தில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெரியவர் ஒருவர், மகளோடு வந்திருந்தார். மேலே எழும்பினதும் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தமிழில் ஆறுதல் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி எந்த ஊருப்பா?"

"யாழ்ப்பாணம் ஐயா."

"அப்பா அம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்கினம் ஐயா. சுகமா இருக்கினம்."

உங்கள் மேல் மண் போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது. அவர் இறங்கும்வரை என் கையை விடவில்லை. சூடான, தோல் தளர்ந்த கை. உங்கள் கை அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

பொறுப்பாளர் வேலை எனக்குத்தான் கிடைத்தது. ஐந்து மாதம் பொறுப்பாளர் என்று போட்ட சின்னப் பட்டியைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றேன். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தால், வருகிறவர்களிடமெல்லாம் அம்மா கப்பல் கொம்பனியைத் திட்டிக்கொண்டிருக்கிறா. "என்ரை பிள்ளை கெஞ்சிக் கேட்டவனாம். ஒரு நாள்கூட விடேல்லை. கல்லு மனக்காரர்." நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்தேன். ஆறேழு மாதம் அப்படியே குடித்தேன்.

போன மாதம் அக்கா, கேட்காமலே ஒன்றைச் சொன்னா. கடைசி இரண்டு நாளும் பார்க்க வந்தவர்கள், மகன் வரவில்லையா என்று உங்களைக் கேட்டார்களாம். நீங்கள் மூச்சு இழுத்து இழுத்து அவர்களுக்கு மறுமொழி சொன்னீர்களாம். "அவனைக் குறை சொல்லாதேங்கோ. கப்பல்காரர் விடேல்லை. அவன் பாவம், அங்கை தனிய அழுதுகொண்டிருப்பான்."

நான் அழவில்லை அப்பா. அந்த இரண்டு நாளும் நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் நித்திரை கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் குந்தினேன்.

"அம்மா, கொம்பனி விடாமல் இருக்கேல்லை. நான் கேக்கவே இல்லை."

கத்தி நின்றது. "என்னவாம்?"

"கேட்டிருந்தால் விட்டிருப்பினம். வேலை உயர்வு ஒண்டு வர இருந்தது. அதுதான் கேக்கேல்லை. அக்காவுக்குப் பொய் சொன்னனான்."

அவ என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த நண்டை உடைத்து முடித்தா. அடுத்ததை எடுத்தா, திரும்பச் சட்டிக்குள் வைத்தா.

"கொப்பர் உன்னை விட்டுக்குடுக்காமல் செத்தவர்."

"ஓம் அம்மா."

"எனக்குச் சொல்லி என்ன? அவருக்குப் போய்ச் சொல்லு."

கை கழுவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டா. அன்றிலிருந்து சோற்றைப் போட்டு மேசையில் வைக்கிறா. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நான் வந்தேன் அப்பா. திங்கள் காலை உங்கள் தலைமாட்டில் ஒரு மணி நேரம் நின்றேன். பக்கத்துக் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு நின்றவர்கள் போகட்டும் என்று பார்த்தேன். அவர்கள் போன பிறகும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதினேன்.

எழுதினதை முதலில் அக்காவிடம் கொடுத்தேன். முற்றத்தில் நின்றபடியே முழுவதும் படித்தா. திட்டுவா என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு, தாளை என் நெஞ்சில் வைத்து அழுத்தினா. "பேப்பரிலை போடு. ஆனால் உன்ரை பேரைப் போட்டு எழுது. ஒளிக்காதை."

கொம்பனி அடுத்த ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. போவேனா தெரியாது. போனாலும் அந்தக் கூண்டுக்குள் திரும்ப நின்று சிரிக்க என்னால் முடியுமா? நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை பூசை முடிந்து சனம் வீட்டுக்கு வரும். இதைப் படிக்காதவர்கள் திரும்பவும் கொம்பனியைத் திட்டுவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "விட்டிருப்பினம், நான்தான் கேக்கேல்லை" என்று என் வாயால் சொல்லுவேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் எழும்பி உள்ளே போகமாட்டேன். மூச்சு வராத நேரத்திலும் எனக்காக நீங்கள் சொன்ன அந்த வார்த்தை பொய்யென்று உங்களுக்குத் தெரியாது. இனி அதை உங்கள் பெயரில் யாரும் சொல்ல நான் விடமாட்டேன்.

உங்கள் ஒரே மகன்,
அன்ரன்