வௌவால் மேல் போட்ட பழி

8 செப்டம்பர் 2024, ஞாயிறு
பூசை முடிந்து வந்து தோட்டம் பார்த்தேன். மாதுளையில் மறுபடியும் கரும்புள்ளி. பல பழங்கள் வெடித்திருக்கின்றன. சந்தேகமே இல்லை, பக்கத்து வயல் வீரமுத்துவின் இலுப்பை மரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள்தான். நகம் பட்ட இடமெல்லாம் கறுக்கிறது.
"நீ பாத்தியா ரீனா?" என்றார் ஆல்பர்ட். புருஷன் என்றால் குறுக்குக் கேள்வி கேட்கத்தானே வேண்டும்.

15 செப்டம்பர்
புள்ளி விழுந்த கிளைகளை நறுக்கினேன், போன வாரம் போலவே. நூற்றிருபது செடி, ஒரே கத்தரி. கை கொப்பளித்துவிட்டது. என் பொறுப்புணர்ச்சியை ஆல்பர்ட் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

22 செப்டம்பர்
இலுப்பையின் கிளைகளை வெட்டச் சொல்லி வீரமுத்துவிடம் கேட்டேவிட்டேன். வௌவால்கள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வைக்காத வீடு அது. வெகுநேரம் மரத்தையே பார்த்தார்.
"எம்பொண்ண பத்தாவது பாஸாக்கி வுட்ட டீச்சரு. நீங்க கேட்டு மாட்டேன்னு சொல்ல முடியுங்களா?"

29 செப்டம்பர்
பெரிய கிளைகள் இறங்கிவிட்டன. ஒரு வௌவால்கூட இல்லை. ஜெயித்தேன்.

20 அக்டோபர்
மழை. புள்ளி இரண்டு மடங்கு. வௌவால் இல்லாமலே!

24 அக்டோபர்
ஆண்டிமடத்திலிருந்து தோட்டக்கலை அலுவலர் நர்மதா வந்தார். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இது பாக்டீரியா நோய் மேடம். நாத்தோட வந்திருக்கும். ஒவ்வொரு செடி வெட்டினதும் கத்தரிய மருந்துல கழுவுனீங்களா?"
கழுவவில்லை.
இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வௌவால் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது, பழுத்ததைத் தின்றது, கொட்டையைத் துப்பிவிட்டுப் போனது. பாக்டீரியாவுக்குச் சத்தமில்லை, இறக்கையுமில்லை. ஆனாலும் நூற்றிருபது செடிக்கும் போய்ச் சேர்ந்தது — நான்தானே வாராவாரம் தூக்கிக்கொண்டு போனேன்! பதினெட்டு வருஷமா அறிவியல் சொல்லித் தரேன். அந்த மரம்... என்னத்தப் பண்ணி வச்சிருக்கேன்?

27 அக்டோபர்
வீரமுத்துவிடம் போய்ச் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
"ஊருல யாருகிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர். உங்க மேல எல்லாருக்கும் ஒரு மரியாத இருக்கு."
திட்டியிருக்கலாம்.

31 அக்டோபர்
தீபாவளி. வீரமுத்து வீட்டில் இந்த வருஷமும் வெடி வைக்கவில்லை. யாருக்காக?

22 ஜனவரி 2025
ஒன்பதாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம். நோய் எப்படிப் பரவுகிறது என்பதற்கு ஒரு மாதுளைத் தோட்டத்தை உதாரணமாகச் சொன்னேன். வெட்டுண்ட இலுப்பையையும் விடவில்லை.
பானுப்ரியா எழுந்தாள். "அது யாரோட தோட்டங்க டீச்சர்?"
"என்னோடது."
எல்லோரும் குனிந்து, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.