எட்டாவது கேள்வி, மூன்றாவது தடவை

2017 நவம்பர் 5, ஞாயிறு

அன்பு மகள் ஷுவாங்குக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். சௌக்கியம் என்று சொல்லும்போது இடது முழங்காலைச் சேர்க்கவில்லை, அது தன் போக்கில் இருக்கிறது. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நனையாமல், சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கைபேசியில் தினமும் காலையில் கிளாஸ்கோ வானிலையைப் பார்க்கிறேன், ஏழு நாளைக்கும் ஒரே படம், மேகத்துக்குக் கீழே மூன்று சொட்டு. உன் பிறந்த நாளன்று ஆயுள் நீளட்டும் என்று நீளமாக நூடுல்ஸ் செய்து இரண்டு முட்டை போட்டேன், உனக்கு ஒன்று எனக்கு ஒன்று. அப்புறம் இரண்டையும் நானே சாப்பிட்டேன், ஆறிப்போனால் யாருக்கு ஆகும். அன்றைக்கு நீ அனுப்பிய குரல் செய்தி கிடைத்தது. "நல்லா இருக்கேன்ப்பா, வேல ஜாஸ்தி, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லியிருந்தாய். ஒன்பது விநாடி. குறையாகச் சொல்லவில்லை, எதைக் கேட்டாலும் எத்தனை விநாடி என்று பார்ப்பது என் தொழில், விட மாட்டேன் என்கிறது. போனில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, நீயும் சும்மா இருக்கிறாய், நானும் சும்மா இருக்கிறேன், அதனால்தான் இந்த வயதில் பேனாவை எடுத்தேன். எழுதியதென்றால் புரியாத இடத்தை நீ திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தை இரண்டு ஜாடி காராமணி ஊறுகாய் கொண்டுவந்து வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்து, "ஏண்ணே, டீ குடிக்க ஒரே ஒரு கிளாஸத்தான் கழுவி வெச்சிருக்க, யாராச்சும் வந்தா என்ன செய்வ" என்று கேட்டாள். யார் வருகிறார்கள் என்று கேட்டேன். "நான் வந்திருக்கேன்ல, நான் ஆளாத் தெரியலையா" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள், போகும்போது ஜாடி மூடியை இறுக்கி மூடச் சொல்லிவிட்டுத்தான் போனாள். டிசம்பரோடு எனக்குப் பள்ளிக்கூட வேலை முடிகிறது. ஒலிபரப்பு அறைச் சாவியை இருபத்திரண்டு வருஷமாக இடுப்பில் கட்டியிருந்தேன், பெல்ட்டில் அந்த இடம் மட்டும் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. புதுத் தலைமையாசிரியர் நகரத்திலிருந்து வந்தவர், சின்ன வயது, சுறுசுறுப்பானவர். ஆங்கிலப் பரீட்சையில் காதால் கேட்டு விடை எழுதும் பகுதிக்கு இனி ஒலிபெருக்கி வேண்டாம், ஆளுக்கு ஒரு ஹெட்போன், கேள்விகள் மாகாணத் தலைநகரிலிருந்து விலைக்கு வரும், வெள்ளைக்காரர்களே பேசியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டார். "லியாவ் அண்ணே, இன்னும் கேசட்டச் சுத்திக்கிட்டு இருந்தா பக்கத்து ஊர்க்காரன் நம்மளப் பாத்துச் சிரிப்பான்" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். நம் பிள்ளைகள் வாசிப்பில் கெட்டி, பக்கம் பக்கமாகப் படித்து விடைத்தாள் கட்டங்களை நிரப்பிவிடுவார்கள், ஒலிபெருக்கி வாயைத் திறந்தால் திருதிருவென்று முழிப்பார்கள். "இதுங்களுக்குக் கண்ணுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் காதுக்குத் தெரியலையே" என்று ஆசிரியை ச்சியாவ் தலையில் அடித்துக்கொள்வாள். ச்சியாவ் யாரென்று உனக்குத் தெரியாது, உன் ஆங்கில வாத்தியார் து ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குப் போன பிறகு வந்த பெண், உன்னைவிட இரண்டு வயது சின்னவள், கண்ணாடி போட்டவள். துவுக்கு இப்போது காதே கேட்பதில்லையாம், யார் போன் செய்தாலும் சத்தமாக நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீ சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி. போன மாதம் 26-ம் தேதி மேல்நிலை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாதத் தேர்வு. வழக்கம்போல முதல் நாளே நாற்பத்தெட்டு வகுப்பறைக்கும் நடந்து ஒலிபெருக்கியைச் சரிபார்த்தேன், மணியின் ஒயரைக் கழற்றினேன், சமையல்கூடத்துக் காற்றாடியை நிறுத்தச் சொன்னேன், பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற குப்பை வண்டியை வாசலிலேயே மடக்கினேன். அந்த இருபது நிமிஷம் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு தும்மல்கூட என் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. அன்றைக்குப் போட்டது ஏழாம் எண் கேசட். உனக்கு ஞாபகம் இருக்கும், கல்லூரி முதல் வருஷம் முடிந்து நீ வந்திருந்த கோடையில் துவும் நீயும் நம் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்த இருபது கேசட்டில் ஒன்று. பதினோரு வருஷமாக அதைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறோம். முதல் ஐந்து உரையாடல் ஒரு தடவைதான் வரும், அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் இரண்டு தடவை வரும், அதுதான் விதி. எட்டாவது கேள்விக்கான உரையாடல் வந்தது, இரண்டு தடவை ஓடியது. நான் நிறுத்தி, பின்னால் சுற்றி, மூன்றாவது தடவையும் போட்டுவிட்டேன்.

அதற்குள் கூத்தாகிவிட்டது. பாதிப் பிள்ளைகள் சந்தோஷமாக விடையைத் திருத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் இது அடுத்த கேள்வி என்று நினைத்து அதே விடையை ஒரு கட்டம் தள்ளியும் நிரப்பிவிட்டார்கள். அதில் ஷென் யாவ் என்று ஒரு பெண், அதற்குப் பிறகு உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொரு கட்டம் தள்ளியே எழுதிவிட்டு, அதைக் கண்டுபிடித்ததும் வாசிப்புப் பகுதியைத் தொடக்கூட முடியாமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கடைசியில் அந்த மாதக் கேட்டல் மதிப்பெண் அத்தனை பேருக்கும் ரத்து. நான் சுயவிமர்சனக் கடிதம் எழுத வேண்டும் என்றார்கள். எழுதினேன், ஆழம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி மூன்று பக்கம் எழுதி ஆசிரியர்கள் முன்னால் நின்று படித்தேன். வயதாகிவிட்டது, விரல் தவறி பின்சுற்றும் பொத்தானில் பட்டுவிட்டது என்று எழுதியிருந்தேன். எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள், அறுபது வயதுக்காரனைத் திட்டவா முடியும். பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம், என்னைப் பார்த்தால் "மூணாந்தடவ மாமா, நுழைவுத் தேர்வுக்கும் நீங்களே வந்து பொத்தான அமுக்குங்க" என்கிறார்கள். ஷென் யாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள், "பரவால்ல மாமா, அது மாதத் தேர்வுதானே" என்று. அதற்குப் பிறகுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

விரல் தவறவில்லை மகளே. உன் உரையாடல் ஆரம்பிக்கிற இடத்தில் எண்காட்டி 214 காட்டும். தவறிப்போன விரல் சரியாக 214-ல் போய் நிற்காது. நீ ஏதோ சொல்ல ஆரம்பித்து நடுவில் சிரித்துவிடுவாயே, அந்தச் சிரிப்புக்காகத்தான் போட்டேன். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் உன் ஒன்பது விநாடிச் செய்தி வந்திருந்தது, காதுக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது, அதை விரட்ட வேண்டும்போல் இருந்தது. நீ அதில் என்ன பேசுகிறாய் என்றுகூட இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது, ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். ச்சியாவிடம் கேட்டதற்கு, அந்தப் பெண் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டாளாம். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றாள். "ஆனா அண்ணே, குடை தொலஞ்சதுக்கு இந்தப் பொண்ணு ஏன் சிரிக்கிறான்னு எங்க யாருக்கும் புரியல, அந்த ஆம்பளக் குரல் மேல அவளுக்கு ஒரு கண்ணுன்னு பிள்ளைங்க கத கட்டி வெச்சிருக்காங்க" என்றாள். துவின் அந்தச் சிகரெட் தொண்டை மேலா என்று நினைத்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. துவை விட்டால் அது உனக்கும் எனக்கும்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் கட்டட வேலை, துளை போடும் சத்தம், அதனால் நம் வீட்டு மாடியில் ஜன்னலுக்கெல்லாம் ரஜாய் கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்த்து ஊற்ற ஊற்றப் பதிவு செய்தோம். உனக்கு சூப் வைக்க அம்மா வாங்கி வந்த கோழி, முட்டை போட்டுவிட்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைத் தூக்கிவந்து உனக்கு எதிரே குட்டை முக்காலியில் உட்கார்ந்து, அதன் தலையைத் தன் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, போட்டோ ஸ்டுடியோவில் உட்கார்ந்த மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கோழி ஒற்றைக் கண்ணால் வெளியே எட்டிப் பார்த்தது, நீ அதைப் பார்த்துவிட்டாய். து வாத்தியார் பதிவை நிறுத்தவில்லை, "இருக்கட்டும், மனுசங்க பேசும்போது சிரிக்கத்தான் செய்வாங்க" என்று விட்டுவிட்டார். பரீட்சைக்கு உட்கார்ந்த கோழியை அறுக்கக்கூடாது என்று அம்மா அதை மூன்று வருஷம் வளர்த்தாள். கேசட்டில் அம்மாவின் சத்தம் ஒரு துளி இல்லை, அவள் அவ்வளவு சரியாக வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அந்தச் சிரிப்பு வரும்போதெல்லாம் அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது எழுத வந்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி முழங்காலைப் பற்றி ஆரம்பித்துவிடுவேன். அம்மாவுக்கு அந்தக் கட்டி என்று தெரிந்தது வசந்த விழாப் புத்தாண்டு முடிந்த வாரம். உன் ஆராய்ச்சிக்கான கடைசி நேர்முகத் தேர்வு மே 20. அதுவரை உனக்குச் சொல்லக்கூடாது என்று நான்தான் முடிவு செய்தேன், டாக்டரும் இல்லை, அத்தையும் இல்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குச் சத்தம் போகக்கூடாது, அதற்கு மேல் என் மூளைக்கு ஒன்றும் எட்டவில்லை. குப்பை வண்டியை மடக்குகிற மாதிரி அம்மாவின் நோயையும் வாசலில் மடக்கி வைத்தேன். அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். ஏப்ரலில், ஆஸ்பத்திரியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன், "புள்ளகிட்ட சொல்லிடலாமா" என்றாள். "பரீட்ச முடியட்டுமே" என்றேன். சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். முக்கியமானதெல்லாம் இரண்டு தடவை வரும் என்று பழகிப்போன ஆள் நான், அடுத்த தடவை கேட்கும்போது போன் செய்யலாம் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. மே 14-ல் போய்விட்டாள். 20-ம் தேதி தேர்வு முடிந்து "பாஸாயிட்டேன்ப்பா" என்று நீ கத்தினாய் பார், அதற்குப் பிறகுதான் சொன்னேன். நீ வந்தபோது சாம்பல் டப்பாதான் இருந்தது. அப்போது நீ அழக்கூட இல்லை, "எனக்கு யாருப்பா அமைதி கேட்டா?" என்று மட்டும் கேட்டாய். அந்தக் கேள்வி இரண்டரை வருஷமாகக் காதில் திரும்பத் திரும்ப வருகிறது. நான் செய்தது தப்பு. இதற்கு நான் எழுதும் சுயவிமர்சனம் இதுதான், இதில் எங்கும் விரல் தவறியது என்று எழுதவில்லை. உனக்கு ஆழம் போதவில்லை என்றால் திருப்பி அனுப்பு, மறுபடி எழுதுகிறேன். வீட்டில் நாள் முழுக்கச் சத்தமே இல்லை ஷுவாங். யாரும் தும்முவதுகூட இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பழைய கேசட்டுகளை அழித்தோம். பரீட்சைப் பொருளை வெளியே கொண்டுபோகக்கூடாது, சாட்சி வைத்து உடைக்க வேண்டும் என்பது விதி. ச்சியாவ்தான் சாட்சி. சுத்தியலை வைத்து ஒவ்வொன்றாக உடைத்தேன், ஏழாம் எண் பெட்டிக்குள் காலை உடற்பயிற்சிப் பாட்டுக் கேசட்டைப் போட்டு வைத்திருந்தேன், அதையும் உடைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் நான் எடுத்ததில்லை. ச்சியாவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எண்ணினாள், "இருபது, சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அவள் கண்ணாடி இல்லாமல் தன் கையையே பார்க்க முடியாதவள்.

ஏழாம் எண் கேசட் இந்தப் பார்சலில் கம்பளிக் காலுறைக்குள் இருக்கிறது. காலுறையை முதலில் போட்டுக்கொள், நீ வெறுங்காலோடு தரையில் நடப்பது எனக்குத் தெரியும். காலையில் ஏதாவது சூடாகக் குடிக்காமல் கிளம்பாதே, எங்கே போனாலும் குடையை மறந்துவிடாதே. அம்மாவும் நானும் செய்த புண்ணியம் ஏதாவது இருந்தால் அதெல்லாம் உன்னிடமே வந்து சேரட்டும், நோய்நொடி அண்டாமல் மனம் போல வாழ்ந்திரு. கேசட்டை வெயிலிலும் ஈரத்திலும் வைக்காதே, அது ஒன்றுதான் இருக்கிறது. நான் பிரதி எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. இந்தக் காலத்தில் உங்கள் ஊரில் கேசட் போட்டுக் கேட்கிற பெட்டி லேசில் கிடைக்காது. ஒலிபரப்பு அறைப் பெட்டியைத் தலைமையாசிரியர் எனக்கே கொடுத்துவிட்டார், துடைத்து, ஸ்பிரிட் போட்டு, சாப்பாட்டு மேஜை மேல் வைத்திருக்கிறேன். இரண்டாவது கிளாஸையும் கழுவி வைத்துவிட்டேன்.

அப்பா
லியாவ் ஷூகென்