சிஃபாவின் கவுன்

786

கும்மிடிப்பூண்டி
12.8.2007

அன்பு மகள் ஜபீனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுத மனசு வரவில்லை, ஷார்ஜாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு தேறிவர அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மாமி, புள்ள பேச்சை மட்டும் எடுக்காதீங்க, அப்புறம் நாள் முழுக்க அழுதுக்கினே இருக்கா என்று மாப்பிள்ளை அத்னான் சொன்னதிலிருந்து, மழை பெய்ததா, மீன் கிடைத்ததா என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். வைத்த பிறகு நான் அழுகிறேன். மாப்பிள்ளைமேல் தப்பில்லை, அவரும் பெற்றவர்தானே, தன் கையால் பிள்ளையை அடக்கம் செய்தவர். ஆனால் ஒரே ஒரு நாள் நம்மோடு இருந்துவிட்டுப் போனவளைப் பிறக்கவே பிறக்காதவள் மாதிரி ஆக்கிவிட்டோமே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் நீ அந்த கவுனை யாருக்காவது குடுத்துடு உம்மா, ஊட்ல வைக்காதே என்றாய், நானும் சரி என்றேன். பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கக்கூடாது என்று அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், உன் வாப்பா கேட்டால்தானே. அங்கே ஸ்கேனில் பெண் என்று சொல்லிவிட்டார்கள், நீயும் சிஃபா என்று பேர் சொல்லிவிட்டாய், அன்றைக்கே துணிக்குக் கல் ஒட்டுகிற நம் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் இன்னா துணியா எடுக்குறேன், பேரைத்தானே போடுறேன் என்று என்னிடமே சட்டம் பேசினார். புர்காவுக்குக் கல் டிசைன் வரைகிற அதே கோரல் டிரா புரோகிராம்தான். கம்பெனி டீசர்ட்டுக்குப் பேர் என்றால் எழுத்தின்மேல் கல்லுக்கான வட்டங்களை வரிசையாக ஓடவிட்டு, இடிக்கிறதை நகர்த்தி, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுவார். பேத்தி பேருக்கோ ஒவ்வொரு வட்டத்தையும் மவுஸால் தானே வைத்தார், சுழியில் கல்லோடு கல் முட்டுகிறது என்று அழித்து அழித்துப் போட்டார். ஃ வந்தபோது சிரித்துக்கொண்டு, பாரு சாலிஹா, இதுக்கு வரையவே வாணாம், மூணு கல்லு வச்சா எழுத்தாயிடுச்சு என்றார். மெஷினில் கொடுத்து ஷீட்டில் ஓட்டை வெட்டி, கல்லைக் கொட்டி பிரஷ்ஷால் ஓட்டைக்குள் தள்ளி உட்காரவைத்து, பேரை அப்படியே ஒட்டு டேப்பில் எடுத்தாயிற்று. அதை ஒட்ட ஒரு துணி வேண்டுமே, சட்டம் பேசினவர் பஜாருக்குப் போய் வெள்ளை கவுன் வாங்கி வந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் அதனால்தான் பிள்ளை போய்விட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை ஜபீன், சத்தியமாகச் சொன்னதில்லை. அவர்தான் அப்படி நினைத்து உருகிக்கொண்டிருக்கிறார். கவுனைக் கொடுத்துவிடச் சொன்னாய் என்று அவரிடம் சொன்னதும், பேரோட எப்படிக் குடுக்கிறது, கல்லை எடுத்துட்டுக் குடுக்கலாம் என்று கவுனைக் கடைக்குக் கொண்டுபோனார், நானும் கூடப் போனேன். சூடு காட்டி, பசை இளகினதும் கொறடால் ஒவ்வொரு கல்லாக எடுத்தார். கல் போன இடத்தில் பசைப் பொட்டு அப்படியே நின்றுவிட்டது, விரலை ஓட்டினால் பேர் தட்டுப்படுகிறது. கடைசியில் ஃ மட்டும் மிச்சம் இருந்தது. கொறடைக் கீழே வைத்துவிட்டு, நான்தான் அவசரப்பட்டு பேரைப் போட்டு அவளை அனுப்பிட்டேன் என்று அழுதார். வாப்பா அழுது நீ பார்த்திருக்கமாட்டாய், நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மூன்று கல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை.

நேற்று மீஞ்சூரிலிருந்து ஒருவர் வந்தார், மகளுக்கு முதல் பிறந்தநாளாம், அவள் பேரும் சிஃபா. டிசைன் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது, ஒரு பட்டனை அமுக்கினால் மெஷின் வெட்டித் தந்துவிடும். வாப்பா அதைத் திறக்கவே இல்லை, முதல் வட்டத்திலிருந்து புதுசாகப் போட்டார். அதான் இருக்கே என்றேன். அது நம்ம புள்ளையோடது என்றார். வந்தவருடைய மகள் நல்லா இருக்கணும் என்று துஆ கேட்டுத்தான் அந்த வேலையைக் கொடுத்தனுப்பினார்.

அதனால் கவுனை நான் யாருக்கும் கொடுக்கவில்லை ஜபீன், பீரோவில் என் நிக்காஹ் புடவைக்குள் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது வாப்பாவிடம் பேசு. உங்கமேல தப்பில்ல என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறவில்லை, நீ சொன்னால் ஏறும். பிள்ளை பேரைச் சொல்லியே சொல்லு. அழுகை வந்தால் அழு, மாப்பிள்ளைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அல்லாஹ் உன் மடியை மறுபடி நிறைப்பான், அதுவரை உன் மனசுக்குப் பொறுமையைத் தருவான். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடு, வெறும் வயிற்றில் போடாதே.

இப்படிக்கு
உன் உம்மா,
சிஃபாவுடைய நன்னிமா,
சாலிஹா