கழற்ற மனம் வராத அங்கி

என் அன்புக்குரிய செபமாலை அண்ணை,

உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. டென்மார்க்கில் எல்லோருக்கும் நீங்கள் கணேசலிங்கம், என் கூடப்பிறந்த அண்ணன். உண்மையான கணேசலிங்கம் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்று யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட, ஏஜென்சிக்காரன் அவருடைய பாஸ்போர்ட்டில் உங்கள் படத்தை ஒட்டி, கொழும்பில் உங்களை என் பக்கத்தில் கொண்டுவந்து இருத்தினான். மன்னாரில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போன நீங்கள், கோப்பன்ஹேகனில் நெற்றி நிறைய விபூதியோடு வந்து இறங்கினீர்கள்.

பொலிசில் அண்ணன் தம்பி என்றே சொல்லிவிட்டோம். அகதி முகாமில் இருந்த எங்கள் ஆட்களிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்றீர்கள். தடுத்தவன் நான்தான். கதை மொழிபெயர்ப்பாளர் காதுக்குப் போனால் இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். காலையில் விபூதித் தட்டை உங்கள் முன்னால் நீட்டியதும் நான்தான்.

எனக்கு விசா கிடைத்துவிட்டது. இப்போது கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொய் என்ற ஊரில் இருக்கிறேன், தொழிற்சாலை வேலை. இந்த மாசியிலும் பாஸ்டலவுன் வந்தது. மாடிப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வந்து மணி அடித்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை.

போன வருடம் முகாமில் நடந்த பாஸ்டலவுனை எப்படி மறப்பேன்? உங்கள் தவக்காலத்துக்கு முன்னால் வருகிற வேஷ நாள் அது. மரப்பீப்பா ஒன்றைத் தொங்கவிட்டு, ஆளாளுக்குத் தடியால் அடித்து உடைத்தோம். எங்களைப் பார்த்துக்கொண்ட டெனிஷ் அம்மா ஒரு மூட்டை பழைய வேஷ உடுப்புகள் கொண்டுவந்து, இன்றைக்கு யாரும் எதுவாகவும் இருக்கலாம் என்றார். நான் ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கடற்கொள்ளைக்காரன் ஆனேன். நீங்கள் மூட்டையின் அடியிலிருந்து ஒரு கறுப்புப் பாதிரியார் அங்கியை இழுத்தெடுத்தீர்கள்.

சாப்பாட்டுக்கு முன் எழுந்து நின்றீர்கள். நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளிலும் சிலுவை போட்டு, முழுச் செபத்தையும் ஒரு சொல் தடுக்காமல் சொன்னீர்கள். பக்கத்து அறை மாஸ்டர் கண்ணீர் வரச் சிரித்தார். கணேசு என்ன மாதிரி நடிக்கிறான் என்று கைதட்டினார்கள். எல்லோரிலும் பலமாகச் சிரித்தவன் நான். உண்மை தெரிந்த ஒரே ஆளும் நான்தானே?

பிறகு அறையில், கட்டில் விளிம்பில் அங்கியோடு இருந்தீர்கள்.

"கழட்ட மனம் வருகுதில்லை, தம்பி. கழட்டினால் திரும்ப உன்ர அண்ணனா மாறிப்போடுவன்."

"பகிடி விடாதேங்கோ. ஆக்கள் வரப்போகினம், கழட்டுங்கோ" என்று சொன்னேன். கழற்றி, ஒழுங்காக மடித்து என் கையில் தந்தீர்கள்.

அதன் பிறகு மூன்று கிழமைதான் போனது. டெனிஷ் வகுப்புக்குச் சைக்கிளில் போன வழியில், உறைந்த தெருவில் சறுக்கிய கார் உங்களை அடித்துவிட்டது. "உன் அண்ணனின் இறுதிச் சடங்கை என்ன முறைப்படி செய்ய வேண்டும்?" என்று அந்த டெனிஷ் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உங்கள் ஊரில் மண்ணுக்குள் வைத்துச் சிலுவை நடுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் விசா இன்னும் வரவில்லை என்பதும் தெரியும். எங்கள் வழக்கம் எரிப்பது என்றேன்.

மாஸ்டர் தேவாரம் பாடினார். சாம்பலைப் புதைத்த இடத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, என் அண்ணன் பெயரோடு. அவர் யாழ்ப்பாணத்தில் உயிரோடு இருக்கிறார்.

இன்னும் இருக்கிறது, அண்ணை. இதைச் சொல்லக் கூசுகிறது. உங்கள் அம்மாவின் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. மேல் உறையில் கணேசலிங்கம், உள்ளே 'அன்பு மகன் செபமாலைக்கு'. வாசிக்கத் தெரியாத அம்மா, ஆரையோ பிடித்து எழுதுவித்த கடிதங்கள். கையெழுத்து மாறினாலும் அவவுக்கு விளங்காது என்று துணிந்தேன். நீங்களாகவே பதில் எழுதினேன். சுகமாயிருக்கிறன் அம்மா, இங்கே நல்ல குளிர் அம்மா. ஒன்றல்ல, நான்கு கடிதம். வெட்கம் கெட்டவன் நான்.

நேற்று ஐந்தாவது வந்தது. பெரிய வெள்ளி வருகுது மகன், சுவாமியாரிட்டப் போய்ப் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தனீயோ என்று கேட்டிருக்கிறா. 'ஓம் அம்மா' என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் உறைத்தது. உங்களுக்கு ஒரு சிலுவைகூட நடவிடாதவன், உங்கள் பெயரில் பாவமன்னிப்பும் வாங்கிவிட்டேனா? அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டேன். பொலிசுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்வேன். விசாவைப் பறித்தால் பறிக்கட்டும். தகட்டில் உங்கள் பெயர் வரும்வரை விடமாட்டேன், ஒரு சுவாமியாரையும் அங்கே கூட்டிக்கொண்டு போவேன். அம்மாவுக்கு இன்றைக்கே எழுதுகிறேன், என் பெயரில். அவ என்னைச் சபித்தால் அதையும் வந்து உங்களிடம் சொல்வேன்.

கூடப்பிறக்காமலே உங்களுக்குக் கொள்ளிவைத்த தம்பி,
சிவலிங்கம்