மச்சான் சொன்ன உடுப்பு

நைரோபி
29-7-1975

மச்சான் நாகலிங்கத்துக்கு,

கார்மேகம் எழுதிக்கொண்டது. நான் நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாயா என்று அறியும் ஆவலும் இன்றைக்கு எனக்கு இல்லை.

வள்ளியைக் கட்டி ஒன்பது வருஷத்தில் உன்னை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. அவளுடைய அண்ணன், என்னைவிட மூத்தவன், விசா எடுத்து ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டவன் என்ற மரியாதை இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். படிக்கக் கசந்தால் கசக்கட்டும்.

பதினொரு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். இங்கே காட்டில் செட்ஸி என்று ஓர் ஈ உண்டு. அது என்னவென்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். என் தோள்பட்டையில் அது கடித்த இடம் பெரிய கட்டியாகி, பிறகு காய்ச்சலாகி, பிறகு நான் நின்ற இடத்திலேயே விழுகிற அளவுக்கு வந்தது. இரத்தத்தைச் சோதித்துவிட்டுத் தூக்க நோய் என்றார்கள். மூளைக்கு ஏறுவதற்குள் பிடித்துவிட்டோம் என்கிறார் டாக்டர். இனி வாரத்துக்கு ஓர் ஊசியாக ஐந்து வாரம். பக்கத்துக் கட்டிலில் இதே நோய்க்காரன் ஒருவன் இருந்தான். அவனைத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள். முந்தாநாள் அந்தக் கட்டிலைக் கழுவிவிட்டார்கள்.

இப்போது ஜூன் மாதத்துக்கு வருகிறேன். நம் ரூமில் ஏழு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன்னிடம் கேட்டேன். நம் முதலாளி அர்பாப் வருஷா வருஷம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு மிருகம் பார்க்க ஆப்பிரிக்கா போகிறார், போன வருஷம் வண்டி பார்க்கப் போன மெக்கானிக் நீ. இந்த வருஷம் முதுகுவலி என்று நீ ஒதுங்கிக்கொண்டதால் என்னைப் போடுகிறார்கள். போய்வந்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினேன். "என்ன மச்சான் எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்றேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "நம்ம ஊரு சித்திரை வெயிலுதான் மாப்ளே. கம்பளி கிம்பளின்னு சுமந்துக்கிட்டுத் திரியாதே. மெல்லிசா நாலு டெர்லின் சட்டை போதும். வேலைக்குக் கராஜ் உடுப்பையே எடுத்துக்க, அதுதான் அங்க எடுப்பா இருக்கும். ரப்பர் செருப்புப் போட்டாக் காலுக்குக் காத்தாட இருக்கும்."

முத்துராமன்கூடக் கேட்டான், "பெட்டி?" என்று. "தகரப் பெட்டிதான் பத்திரம்" என்றாய்.

பெட்டியிலிருந்தே ஆரம்பித்தது. நைரோபியிலிருந்து காட்டுக்குப் போவது ஜீப் அளவே இருக்கிற ஒரு விமானம். அதன் வயிற்றுக்குள் துணிப் பைதான் நுழையும். பைலட் என் பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினான். அகப்பட்டதை ஒரு கைலியில் மூட்டை கட்டிக்கொண்டு, விருந்தாளிகள் எல்லாம் பார்க்க, அதைக் கட்டிப்பிடித்தபடி ஏறினேன். அவர்கள் எல்லோரும் காய்ந்த புல் நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். தொப்பிக்கு நாடி வரை கயிறு. கணுக்கால் மறையும் ஷூ. நான் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி ரோஸ் நிறத்து டெர்லின் சட்டையில்.

ஆடி மாதம் இங்கே குளிர்காலம் என்று ஏன் சொல்லவில்லை? விடியும் முன்பே வண்டியை எடுத்துவிடுவார்கள். மேல்மூடி இல்லாத லேண்ட்ரோவர். காற்று முகத்தை அறுக்கிறது. முதல் நாளே டயர் பஞ்சர். புல்லெல்லாம் பனித்தண்ணீர், ரப்பர் செருப்பு வழுக்குகிறது, கை விறைத்து ஸ்பேனர் நிற்கவில்லை. நட்டு ஒன்று புல்லுக்குள் விழுந்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் சிங்கம் இரண்டு படுத்திருக்க, நான் மண்டியிட்டுப் புல்லைத் தடவிக்கொண்டிருந்தேன். அர்பாப் வண்டிக்குள்ளிருந்தே "யல்லா, ஹிமார்!" என்று கத்தினார். கழுதை என்று அர்த்தம் தெரியாத விருந்தாளிகளுக்கு இங்கிலீஷில் ஒருதரம் சொன்னார். சிரித்தார்கள். அதில் ஓர் அம்மாள் மட்டும் தன் கழுத்துத் துணியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். அர்பாப் அதைத் தடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஈ வந்தது மூன்றாம் நாள். நம் கராஜின் நீல ஓவராலைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். மற்றவர்களை விட்டுவிட்டு என்மேல் மட்டும் வந்து அப்பியது. துணியைத் துளைத்துக் கடிக்கிறது, கோணி ஊசியால் குத்தின மாதிரி. அடித்தாலும் சாவதில்லை. நான் துள்ளிக்கொண்டிருக்கும்போது சமையல்கார மூசா ஓடிவந்தார். மொம்பாசாக்காரர், ஒரு குஜராத்திக் கடையில் வேலை பார்த்தவர், நல்ல இந்தி பேசுவார். என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீலமும் கறுப்பும் இந்த ஈயைக் கூப்பிடும் பாய், போன வருஷம் வந்தவன் உனக்குச் சொல்லலையா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் ஒரு பெரிய அண்டாவில் தேயிலைத் தூளும் ஏதோ மரப்பட்டையும் போட்டுக் கொதிக்கவைத்து என் ஓவராலை அதில் முக்கினார். "உன் ஊர்க்காரனுக்கும் நான்தான் சாயம் போட்டேன்" என்றார்.

உன் ஓவரால் ஏன் மண் நிறம் என்று நாங்கள் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? சிங்கம் திரிகிற காட்டு மண் ஏறிவிட்டது, எத்தனை முறை துவைத்தாலும் போகவில்லை என்று பெருமையாகச் சொன்னாய். ஒரு வருஷமாக ஆப்பிரிக்கா நாகலிங்கம் என்று கராஜே உன்னைக் கூப்பிடுகிறது. அர்பாப் தனிக் கூடாரம் கொடுத்தார், விருந்தாளிகளோடு உட்காரவைத்துச் சோறு போட்டார், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் சிங்கம் பார்த்தேன் என்பாய். எத்தனை தடவை கேட்டிருப்போம்.

மூசா மற்றதையும் சொன்னார். சண்டை மூட்டச் சொல்லவில்லை. உனக்கு இப்போது கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார், அதிலிருந்து வந்தது. விருந்தாளி ஒருவருக்குப் பெட்டி வந்துசேரவில்லையாம். அர்பாப் உன்னைக் கூப்பிட்டு, ஸ்வெட்டரையும் ஷூவையும் எல்லோர் முன்னாலும் கழற்றச் சொல்லி அவருக்குக் கொடுத்தாராம். பதினெட்டு நாள் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, சமையல் கூடாரத்தில் அடுப்புப் பக்கம் படுத்திருந்தாயாம். ஒருநாள்கூட உன்னை வண்டியில் ஏற்றவில்லையாம். நீ சிங்கமே பார்க்கவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு உன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, பொய் சொல்லமாட்டேன். அரை நாள் இருந்தது. பிறகு காய்ச்சல் வந்தது.

என்மேல் உனக்குப் பகை இருந்து இப்படிச் செய்திருந்தால்கூட எனக்கு விளங்கியிருக்கும். பகை இல்லை. கம்பளி எடுத்துப் போ என்று சொன்னால், அங்கே குளிருமா என்று முத்துராமன் கேட்பான். நீலம் வேண்டாம் என்றால், கூடாரத்தில் இருந்தவனுக்கு எப்படி ஈ கடித்தது என்று ஒருவன் கேட்பான். உன் கதை ஓட்டையாகிவிடும். அதற்காகத் தங்கச்சி புருஷனை இந்தக் கோலத்தில் அனுப்பினாய். சரி, ரூமில் ஆள் இருந்தார்கள். துபாய் ஏர்போர்ட்டுக்கு வண்டியில் நாம் இரண்டு பேர்தானே போனோம்? அங்கேயும் வாய் திறக்கவில்லையே.

இப்போது எழுத வேண்டிய காரணத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி அடுத்த கூட்டம் வருகிறது. என் இடத்துக்கு நம் ரூம் அகமது கபீரை அனுப்பப்போவதாக, என்னைப் பார்க்க வந்திருக்கும் மேனேஜர் ரகுநாதன் சார் சொன்னார். கபீர் என்ன செய்வான்? நேரே உன்னிடம்தான் வந்து கேட்பான்.

அவனிடம் உண்மையைச் சொல். நீலமும் கறுப்பும் வேண்டாம். வெள்ளையும் வேண்டாம், ஒரு நாள் புழுதிக்குத் தாங்காது. காக்கி, இல்லையென்றால் காய்ந்த புல் நிறம். முழுக்கைச் சட்டை. அத்தர், வாசனை எண்ணெய் எதையும் தொட வேண்டாம். தகரப் பெட்டி இல்லை, துணிப் பை. ஸ்வெட்டர் இரண்டு எடுக்கட்டும். ஒன்றைச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்ளட்டும், யார் கண்ணிலும் பட வேண்டாம். ஷூ கட்டாயம், ஆனால் பழையதாக, ஒட்டுப்போட்டதாக இருக்கட்டும். புதிதாக இருந்தால் காலிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று உனக்குத்தான் தெரியுமே.

இந்தக் கடிதத்தை ஷார்ஜா திரும்பும் ரகுநாதன் சார் கையில் ஒட்டித்தான் கொடுக்கிறேன். யாரும் படிக்கப்போவதில்லை. கபீரிடம் எப்படிச் சொல்வாய் என்பது உன் பாடு.

வள்ளிக்கு, நான் சுகம், காட்டில் வேலை சுலபம் என்று எழுதிப் போட்டேன். அவளுக்கு நான் எழுதிய முதல் பொய். அவளுக்குத் தெரிந்தால் உன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்பதற்காக எழுதினேன். இனி அப்படி எழுதமாட்டேன்.

உன் முதுகுவலி, அப்படி ஒன்று இருந்தால், குணமாகட்டும்.

இப்படிக்கு,
கார்மேகம்


ஷார்ஜா தொழில்பேட்டை
14-8-1975

மாப்பிள்ளை கார்மேகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்னை 'நீ' என்று எழுதியிருக்கிறாய். எழுதிக்கொள். உனக்கு விசா எடுக்க இதே அர்பாபின் வாசலில் எத்தனை வெள்ளிக்கிழமை நின்றேன் என்பது உனக்குத் தெரியாது. அந்தக் கதையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

நீ கேட்ட நேரம் தப்பு. ஏழு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டாய். தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஏர்போர்ட் வண்டியிலும் வாய் திறக்கவில்லையே என்று எழுதியிருக்கிறாய். அங்கே நீ கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்தாய். வள்ளிக்கு யானை போட்டோ எடுத்து அனுப்பணும் மச்சான் என்று சொல்லிக்கொண்டே வந்தாய். இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது. ஸ்வெட்டரை எப்படிக் கழற்றினேன் என்பதை எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் ஏர்போர்ட் வந்துவிட்டது. இதை மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதே. உன்னிடம் கேட்டால் நீ தரமாட்டாய், எனக்கும் கேட்டுப் பழக்கமில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் சொன்னேன். கபீருக்கு மட்டும் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் ரூமில் வைத்துக் கேட்டான், உன்னைப் போலவே. "ஆப்பிரிக்காண்ணே, என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்றான். சாக்குச் சுற்றிய காலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு முத்துராமன், "அப்ப சிங்கம்?" என்றான். பார்க்கவில்லை என்றேன். அவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்காமல் இருந்தது அதைவிட மோசம். இப்போது கராஜில் யாரும் என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. உனக்குத் திருப்திதானே?

மறுநாள் நானும் கபீரும் துபாய் போனோம். ஆகஸ்ட் மாதம், தார் உருகுகிற வெயில். ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்டோம். ஒரு ஈரானிக் கடைக்காரர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார், வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து. கடைசியில் பழந்துணிக் கடையில் மூன்று கிடைத்தது. இரண்டு கபீருக்கு. ஒன்று உனக்கு, அவனிடமே கொடுத்திருக்கிறேன். நான் வாங்கியது என்று போட மனம் வராவிட்டால் ஆஸ்பத்திரியில் யாருக்காவது கொடுத்துவிடு.

வள்ளிக்கும் எழுதிவிட்டேன், உள்ளது உள்ளபடி. அவளிடம் நீ எனக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. பதில் வரவில்லை. வராது என்று நினைக்கிறேன்.

அர்பாப் வீட்டில் போய் உனக்கு ஊருக்குப் போக லீவ் கேட்டேன். ஊசியெல்லாம் முடிந்தபின் பார்க்கலாம் என்றார். கதவு வரைக்கும் போய்த் திரும்பிவந்து இன்னொருதரம் கேட்டேன். கலாஸ், பேச்சு முடிந்தது என்று கையை வீசினார். அடுத்த வாரம் மறுபடி போவேன்.

நீ ஷார்ஜா வந்தாலும் இந்த ரூமுக்கு வரமாட்டாய் என்று தெரியும். பக்கத்து ரூமில் காதர் மைதீனிடம் சொல்லி ஜன்னல் பக்கம் உனக்கு இடம் வைத்திருக்கிறேன். என்னோடு பேச வேண்டாம்.

கபீர் நாளை விமானம் ஏறுகிறான். பக்கத்துக் கட்டிலைக் கழுவினார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் தாண்டி உன் கடிதத்தைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பதில் எழுத உனக்கு மனம் இருக்காது. எழுத வேண்டாம். ஒரு வெறும் கவரின் மேல் என் பேரையும் விலாசத்தையும் உன் கையாலேயே எழுதித் தபாலில் போடு. உள்ளே ஒன்றும் வைக்க வேண்டாம். வாரம் ஒன்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
நாகலிங்கம்